தானாக நின்ற தண்ணீர்

குடிநீர் வாரியத்துக்கு மறுசீரமைப்பு வந்து இறங்கிய நாளில் தண்ணிக்காரரின் மனைவிக்குப் பல்வலி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தண்ணிக்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வாரியத்தைப் பொறுத்தவரை அவர் வால்வு இயக்குபவர். விடிந்ததும் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். மேட்டுத்தெரு முனையில் ஒரு குழி உண்டு. அதன் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, வால்வைத் திருகுவார். மேட்டுத்தெருவிலிருந்து பள்ளத்தெரு வரைக்கும் குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டும். எல்லோரும் பிடித்து முடித்ததும் மூடுவார். மூடாமல் விட்டால், மேட்டுத்தெருக்காரர்கள் குழாயை அடைத்த பிறகு அழுத்தம் முழுவதும் பள்ளத்தெருவில் போய் இறங்கும். அங்கே இருக்கிற பழைய குழாய் அதைத் தாங்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒருநாளும் மூட மறந்ததில்லை.

மனைவி அதே வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஆக, குடும்பம் முழுவதும் அந்த ஒரே கூரைக்குக் கீழே பிழைத்தது. அதனால் கூரையில் சின்னச் சத்தம் கேட்டாலும் இருவரும் ஒன்றாக அண்ணாந்து பார்ப்பார்கள்.

அன்று எல்லா ஊழியர்களையும் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மறுசீரமைப்பு இயக்குநர் மேடை ஏறினார். நல்ல உயரம், நல்ல குரல், தூசி படாத காலணி.

“நேற்றுவரை இந்த வாரியத்தில் தண்ணீர் மட்டும்தான் ஓடியது,” என்று ஆரம்பித்தார். “இனிமேல் நாம் ஓடப்போகிறோம்!”

கை தட்டினார்கள். எங்கே ஓடுவது என்று கேட்கும் துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை.

“இதற்கு முன் நான் போக்குவரத்துக் கழகத்தை மறுசீரமைத்தேன். விடைபெற்றபோது பயணிகளிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை. எப்படிச் சாதித்தேன்? புகார் வாங்கும் பிரிவைத்தான் முதலில் கலைத்தேன். நண்பர்களே, வேலை செய்கிறவர்கள் எனக்கு வேண்டாம். வேலை செய்கிறவர் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார். எனக்கு வேண்டியது ஈடுபாடு. ஈடுபாடு உள்ளவர் வேலையே இல்லாவிட்டாலும் இருப்பார்!”

இந்த இடத்தில் ஸ்டோர் கீப்பர் கொட்டாவி விட்டுவிட்டார். வயதானவர், சர்க்கரைக்காரர், சாப்பாட்டு நேரம் வேறு. சபாரி போட்ட இருவர் வந்து மிகுந்த மரியாதையோடு அவரை எழுப்பி அழைத்துக்கொண்டு போனார்கள். மனிதவள மறுபயன்பாட்டுக் கூடம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள் என்றும், அவர் அங்கே போயிருக்கிறார் என்றும் பிறகு தெரிந்தது. போனவர் எப்போது திரும்புவார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் கூடத்தில் யாரும் மூச்சைக்கூட வாயால் விடவில்லை.

மூன்றாவது வரிசையில் தண்ணிக்காரரின் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் சுண்டி இழுத்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இயக்குநர் பேச்சை நிறுத்தினார்.

“அங்கே பாருங்கள்! மறுசீரமைப்பைக் கேட்டு ஓர் ஊழியர் அழுகிறார்!”

பல்வலி என்று சொல்ல அவள் முயன்றாள். வீக்கத்தில் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் அப்படியும் இப்படியும் ஆட்டினாள். அடக்கம் என்று அதற்கும் கைதட்டல் கிடைத்தது. மாலைக்குள் அவள் வாரியத்தின் ஈடுபாட்டு அலுவலர் ஆகிவிட்டாள். ஈடுபாடு இழந்த ஊழியர்களைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை.

“வாரத்துக்கு ஒருவராவது வேண்டும்,” என்றார் இயக்குநர். “ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், தேடுவதில் உங்களுக்கே ஈடுபாடு இல்லை என்று ஆகிவிடும், இல்லையா?”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி வழக்கம்போல, “என்னங்க, இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்விதான். அன்று தண்ணிக்காரருக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. கேட்பது மனைவியா, ஈடுபாட்டு அலுவலரா?

“பிரமாதம்,” என்றார் அவசரமாக. “மறுசீரமைப்புக்கு அப்புறம் தண்ணியே ஒரு தனி வேகத்தோட வருது.”

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மை ஆழம் பார்க்கிறாரோ? “ஆமாங்க,” என்றாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. “எனக்கும் ஆபீசுக்குப் போறதுன்னாலே ஒரே சந்தோஷம்.”

வீட்டோடு இருந்த தண்ணிக்காரரின் மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னடி இது, மைக் முன்னாடி பேசற மாதிரி பேசறீங்க? மாப்பிள்ளை, குனிஞ்சு பாருங்க. தண்ணிய டம்ளர்ல ஊத்தாம தட்டுல ஊத்தறீங்க.”

முதல் வாரம் மனைவி, எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட ஒரு குமாஸ்தாவின் பெயரைச் சொல்லித் தப்பித்தாள். இல்லாதவரை என்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்தாள். இயக்குநர் அவரையும் மறுபயன்பாட்டுக் கூடத்துக்கு வரச்சொல்லி உத்தரவு அனுப்பினார். அந்த மனிதர் குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தே விட்டார். வீட்டில் பொழுதே போகவில்லையாம். அதன் பிறகு ஓய்வு பெற்றவர்கள் பெயரைச் சொல்லவும் அவளுக்குப் பயமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வாரியம் இரண்டாகப் பிளந்தது. “ஒரே ஆள் வால்வைத் திறக்கவும் செய்கிறார், மூடவும் செய்கிறார். இது அதிகாரக் குவிப்பு இல்லையா?” என்று கேட்டார் இயக்குநர். அன்றிலிருந்து திறப்புப் பிரிவு, மூடல் பிரிவு என்று இரண்டு. தண்ணிக்காரர் திறப்புப் பிரிவு. மூடல் பிரிவின் வேலையில் கை வைப்பது, புதிய அமைப்பின்மேல் ஈடுபாடு இல்லாததற்கு அடையாளம் என்று உத்தரவு சொன்னது. அதை டைப் அடித்தது அவர் மனைவிதான்.

மறுநாள் காலை தண்ணிக்காரர் வால்வைத் திறந்தார். தண்ணீர் போனது. மேட்டுத்தெருவில் வாளிகள் நிறைந்து, குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மூடுகிற நேரம் வந்தது. கை தானாகச் சாவிக்குப் போயிற்று. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். மூடல் பிரிவிலிருந்து யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார். ஒரு நாய் வந்தது. போனை எடுத்தார்.

“வணக்கம், மூடல் பிரிவு.”

“ஐயா, மேட்டுத்தெரு முனையிலேர்ந்து பேசறேன், திறப்புப் பிரிவு. தண்ணிய மூடணும்.”

“ரொம்ப சந்தோஷம். எங்க பிரிவு மேல நம்பிக்கை வெச்சுக் கூப்பிட்டதுக்கு நன்றி.”

“ஆளு எப்ப வருவாருங்க?”

“இங்க மூடல் கொள்கை மட்டும்தான் பாக்கறோம். மூடற ஆளுங்க ஈடுபாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்காங்க.”

“பயிற்சி எப்ப முடியும்?”

“ஈடுபாடு வந்ததும்.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்ய?”

“நீங்க திறந்துகிட்டே இருங்க,” என்று சொல்லி அந்தக் குரல் போனை வைத்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழிக்குள் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தனை வருடம் கேட்ட சத்தம்தான், இப்போது யாரோ உறுமுவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்தெருவிலிருந்து கூச்சல் எழுந்தது. தையல் கடைக்காரம்மா முழங்கால்வரை நனைந்த புடவையோடு மேட்டில் ஏறி ஓடி வந்தாள்.

“அண்ணே! குழாய் பிச்சுக்கிச்சு! கடைக்குள்ள தண்ணி பூந்திருச்சு. தெச்சு வெச்ச பள்ளிக்கூட யூனிஃபார்மெல்லாம் மிதக்குது. எதிர்வீட்டுல படுத்த படுக்கையா கிடக்கறாரே, அவரைக் கட்டிலோட தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நீங்க இங்கதான இருக்கீங்க? ஏன் மூடல?”

“மூடக்கூடாதும்மா.”

“யாரு சொன்னா?”

“உத்தரவு.”

அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அண்ணே, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அந்தக் கேள்வி அவரைக் குத்திவிட்டது. மறுபயன்பாட்டுக் கூடம் கண்முன் வந்தது. மனைவியின் முகம் வந்தது. தூக்கிப் பிடித்த கட்டிலும் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் திருடனைப்போலப் பார்த்தார். பிறகு குழிமேல் பாய்ந்து சாவியைப் பிடித்துத் திருகினார். அழுத்தம் ஏறியிருந்ததால் வால்வு முறுக்கிக்கொண்டு நின்றது. குழிக்குள் ஒரு கசிவு பீய்ச்சி அடித்து இடுப்புவரை நனைத்தது. உள்ளங்கை முழுக்கத் துரு. கடைசியில் சத்தம் அடங்கியது.

“நான் எதையும் பாக்கலண்ணே,” என்று சொல்லிவிட்டு தையல் கடைக்காரம்மா திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

மதியத்துக்குள் அலுவலகம் இரண்டுபட்டது. குழாய் வெடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மூடல் பிரிவு மூடாமலே தண்ணீர் எப்படி நின்றது என்பதுதான் பேச்சு. இயக்குநரின் முகம் சிவந்திருந்தது. “யாரோ ஒருவர் வேலை செய்திருக்கிறார்!” என்று மேசையைத் தட்டினார். “இது பரவினால் மறுசீரமைப்பு என்ன ஆவது?” ஈடுபாட்டு அலுவலரைக் கூப்பிட்டார். மறுநாள் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அந்த ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கொடியில் கணவரின் பேன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். துரு போகவில்லை. அவள் பேன்ட்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

சாப்பிடும்போது மாமியார்தான் வாயைத் திறந்தாள். “மாப்பிள்ளை, ஏன் பேன்ட்டெல்லாம் நனைஞ்சு கிடக்கு?”

“மழைங்க,” என்றார் அவர்.

“மழையா? எங்க? என் வத்தலெல்லாம் மொட்டை மாடியில காஞ்சு சருகாக் கிடக்கு.”

“மழைதாம்மா,” என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

தண்ணிக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். காட்டிக் கொடுக்காமல் இருக்கிறாளா, நாளைக்குக் காட்டிக் கொடுக்க எடுத்து வைத்துக்கொள்கிறாளா? இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் திரும்பாமல் சொன்னாள்: “நாளைக்குப் பின்வரிசையில உக்காருங்க. என்ன நடந்தாலும் எந்திரிக்காதீங்க.” கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

கூட்டம் நிறைந்திருந்தது. சபாரிக்காரர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள். மனைவி மேடையில் ஒலிவாங்கி முன் நின்றாள். அவள் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. ‘இவளை இப்படி நிற்க வைத்துவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேனே’ என்று தண்ணிக்காரருக்குத் தோன்றியது. எழுந்து ஒப்புக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தார். முடிவு மேலே இருந்தது. கால் கீழே கேட்கவில்லை.

“பெயரைச் சொல்லுங்கள்,” என்றார் இயக்குநர்.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, யாரும் மூடல.”

“பிறகு?”

“தானா நின்னுச்சு.”

தண்ணிக்காரர் பாதி எழுந்துவிட்டார். இனிமேல் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது என்ற நிலையில் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் அவளையே பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது. “தானாக...” என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

“கேட்டீர்களா? தானாக நின்றிருக்கிறது! ஊழியர்களுக்கு ஈடுபாடு வரவழைக்கத்தான் நான் இங்கே வந்தேன். ஆனால் உங்களை முந்திக்கொண்டு தண்ணீருக்கே ஈடுபாடு வந்துவிட்டது! இனி இதற்குத் திறப்பவர் எதற்கு? மூடுபவர் எதற்கு? அதோ, பின்வரிசையில் பாருங்கள், ஓர் ஊழியர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்தே நிற்கிறார்!”

உட்கார்ந்திருந்தால் வம்பு என்று கூடம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.

அந்த வாரமே உத்தரவு வந்தது. முதலில் சோதனையாக, மேட்டுத்தெருவும் பள்ளத்தெருவும் சேர்ந்த அந்த ஒரு வட்டத்தில் வால்வு வேலை ஒழிக்கப்பட்டது. அவருடைய இரும்புச் சாவியைப் பழைய அமைப்பின் நினைவுச்சின்னம் என்று அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவரை மறுபயன்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பினார்கள்.

அது பழைய கிடங்கு. ஜன்னல்களுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தது. நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துக் கிடந்தன. பேப்பர் படிக்கக் கூடாது, பேசக் கூடாது, தூங்கக் கூடாது. வேலை என்று ஒன்றும் கிடையாது. மறுபயன்பாடு வரும்வரை ஈடுபாட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் ஸ்டோர் கீப்பர் இருந்தார். இளைத்திருந்தார்.

“பயப்படாதீங்க,” என்று உதடு அசையாமல் சொன்னார் அவர். “கொஞ்ச நாள்ல பழகிடும்.”

“பழகிடுமேன்னுதாங்க பயமா இருக்கு,” என்றார் தண்ணிக்காரர்.

வெடித்த குழாயைப் பள்ளத்தெருக்காரர்களே ஒட்டுப்போட்டுவிட்டார்கள். ஆனாலும் வட்டத்தில் தண்ணீர் வரவில்லை. மூடிய வால்வு மூடியபடியே கிடந்தது. “தானாக நிற்கத் தெரிந்த தண்ணீருக்குத் தானாக வரத் தெரியாதா? பொறுத்திருப்போம்,” என்றார் இயக்குநர். புகார் ஒன்றும் வரவில்லை. வாங்குவதற்கு ஆள் இல்லை. பள்ளத்தெருக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வட்டத்துக்கு நடந்தார்கள். ஒரு மாலை தையல் கடைக்காரம்மா காலிக் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

“அண்ணே, அன்னைக்கு நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? எங்க தெரு மேல கோவமா?”

மனைவி உள்ளே போய், வீட்டில் இருந்ததில் பாதியை அந்தக் குடத்தில் ஊற்றிக் கொடுத்தாள். தையல் கடைக்காரம்மா போனதும் மனைவி கதவைச் சாத்திவிட்டு அழுதாள். இந்தத் தடவை பல்வலி இல்லை.

“நான் உங்களைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்,” என்றாள். “ஊரைக் காயப்போட்டுட்டேன்.”

“நான் எந்திரிச்சு ஒத்துக்கிட்டிருக்கணும். பாதியில நின்னுட்டேன்,” என்றார் அவர். அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் மைக் இல்லாமல் பேசியது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து அந்தி மங்குகிற நேரத்தில் வாசலில் கார் நின்றது. இயக்குநர் இறங்கினார். தண்ணிக்காரர் தானாக எழுந்து நின்றுவிட்டார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இயக்குநர் வந்த விதமே சரியில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார். காதோரம் சோப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“உள்ள வரலாமா? நான் இருக்கற வீடும் மேட்டுத்தெருதான்,” என்றார் தாழ்ந்த குரலில். மேடைத் தமிழைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “வீட்டுல ரொம்ப சத்தம் போடறாங்க. ஊருக்கெல்லாம் தண்ணி விடற ஆபீஸ்ல பெரிய வேலை பாக்கறீங்க, பொண்டாட்டி மூஞ்சி கழுவத் தண்ணி இல்லையான்னு கேக்கறாங்க.”

“தானா வரும்னு...” என்று ஆரம்பித்தாள் மனைவி.

“வரும்மா, கண்டிப்பா வரும். கொள்கையில எந்தத் தப்பும் இல்ல. அது வர்ற வரைக்கும், உங்க வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாம கொஞ்சம் திறந்து விட்டார்னா...”

“சாவி கண்ணாடிப் பெட்டியில இருக்குங்களே,” என்றார் தண்ணிக்காரர்.

இயக்குநர் காருக்குப் போய், மழைக்கோட்டில் சுற்றிய நீளமான ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் இப்போது இருப்பது மரத்தில் செய்து சாயம் பூசியதாம்.

“இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்,” என்றார். “வெளிய தெரிஞ்சா உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். எடுக்கப்போறது நான்தான். எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். ஆனா எடுப்பேன்.”

அப்படித்தான் தண்ணிக்காரர் தன் வேலையைத் தானே திருடத் தொடங்கினார். விடியும் முன்பே மழைக்கோட்டுச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து போவார். மனைவி தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் காவல் பார்ப்பாள். யாராவது வந்தால் இருமுவாள். திறக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். மூடும்போது இரண்டு தடவை பார்ப்பார். மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நேரத்துக்குக் கூடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

சோதனை மாபெரும் வெற்றி என்று இயக்குநர் மேலிடத்துக்குச் சொன்னார். தண்ணீர் தானாக வருகிறது, தானாக நிற்கிறது. மற்ற வட்டங்களிலும் வால்வு வேலையை ஒழிக்க உத்தரவாயிற்று. தான் திறக்கத் திறக்கத்தான் மற்றவர்கள் பிழைப்பு மூடுகிறது என்று தண்ணிக்காரருக்குப் புரிந்தது. திறக்காவிட்டால் பள்ளத்தெரு மறுபடியும் குடம் தூக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று இடித்தது. கொஞ்ச நாளில் மறுபயன்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்தன. மற்ற வட்டங்களின் வால்வுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய வட்டங்களிலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணிக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவர்கள் உள்ளங்கைகளிலும் துரு இருந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் பயம், தெரிந்துகொள்ளவும் பயம்.

ஒருநாள் விடியலில் அவர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது மனைவி இருமினாள். சாவியை விட்டுவிட்டு அவர் குழிக்குள்ளேயே குந்திக்கொண்டார். காலடிச் சத்தம் நெருங்கி, குழி ஓரத்தில் நின்றது. இருட்டில் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் அடிப்பாகம் தெரிந்தது.

“அண்ணே, நீங்கதானா?” தையல் கடைக்காரம்மாவின் குரல் சந்தோஷத்தில் தெருவுக்கே கேட்கும்படி எழுந்தது. “நான் அப்பவே நெனச்சேன்! தண்ணி எங்கயாவது தானா வருமா?”

தண்ணிக்காரர் குழிக்குள்ளிருந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“மெதுவாப் பேசும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். தண்ணி தானா வரலேன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சிடப்போகுது.”